பொறுக்கியதும் சேகரித்ததும்

எங்கள் வீட்டில் ஒரு நீலச் சீசா இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆறு பட்டை வைத்தது. பின்பக்கம் மூன்று பட்டையும் வழவழப்பு. முன்பக்கம் இரண்டு பட்டைகளில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் புடைத்திருக்கும். அவற்றுக்கு நடுவில் உள்ள பட்டையில் புடைப்பெழுத்தாக இங்கிலீஷில் நாலு வார்த்தை: 'நாட் டு பி டேக்கன்'. பின்பக்கத்து வழவழப்பில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறது. அதன் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். அதன்மேல் வெளுத்துப்போன ஒரு ரோஸ் கறை.

இந்தச் சீசாவை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். 1500 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. "காலி சீசாவுக்கு ஆயிரத்தைந்நூறு குடுக்கறேன்னாரு, வேணாம்னுட்டியா?" என்று வீட்டில் கேட்டார்கள். இயக்கத் தோழர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார்: "அவமானத்தோட அடையாளத்த எதுக்குத் தோழர் வீட்ல வச்சிருக்கீங்க? ஒடச்சிப் போடுங்க." இரண்டு பேருக்கும் அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விற்றால் என்ன தப்பு? உடைத்தால் என்ன நஷ்டம்? வைத்திருப்பதில் என்ன நியாயம்? பழசு என்று ஒன்றைக் காப்பாற்றுகிறோமே, அதில் எதைக் காப்பாற்றுகிறோம், எதைக் கழுவி ஊற்றுகிறோம்? ரொம்ப நாள் யோசித்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1

என் நைனா சீசாக்காரர். சைக்கிள் கேரியரில் இரண்டு கோணி, ஹேண்டில் பாரில் ஒரு தராசு. "பழைய இரும்பு, ஈயம், பித்தள, காலி சீசா" என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். கையில் முதல் இருக்கிற நாளில் வாங்குவார். இல்லாத நாளில் குப்பை மேட்டில் பொறுக்குவார். எங்களுடையது வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு ரயில் ஜங்ஷன் ஊர். ரயில்வே காலனியில் சட்டைக்காரர்கள் இருந்தார்கள். அறுபதுகளில் அவர்களில் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. காலியான பங்களாக்களின் பின்பக்கத்துக் குழிகளில் நைனாவுக்கு நல்ல அறுவடை. நீலச் சீசா அங்கேதான் கிடைத்தது.

சாயங்காலம் வாசலில் கோணியைக் கொட்டிப் பிரிப்பார். வெள்ளை தனி, பச்சை தனி, தேன் கலர் தனி. கலர் கலந்தால் உலைக்குப் போகும்போது விலை விழுந்துவிடும். முழுச் சீசா எண்ணிக்கைக் கணக்கு. பினாயில் காய்ச்சுகிறவர்கள், எண்ணெய்க்காரர்கள் வாங்குவார்கள். உடைசல் எடைக் கணக்கு. சீசாவை விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். விரிசல் இருந்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பக்கவாட்டில் ஓடுகிற தையல் கோடு கழுத்தோடு நின்றுவிட்டால் "இது மனுசன் வாயால ஊதினது" என்பார். கோடு வாய்விளிம்புவரை ஏறியிருந்தால் "இது மிசின்ல பண்ணது" என்பார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

வெளிநாடுகளில் பழைய மருந்துச் சீசா சேகரிக்கிறவர்களும் இதே கோட்டை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். அமெரிக்காவில் டொலேடோ நகரத்தில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903 வாக்கில் தானாகவே சீசா செய்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அது பரவியபிறகு, தையல் விளிம்புவரை ஏறிய சீசாக்களே எங்கும் நிறைந்தன. நைனாவுக்கு ஓவன்ஸ் பேர் தெரியாது. கோடு தெரியும்.

சிலதை மட்டும் அவர் விற்க மாட்டார். எங்கள் குடிசையின் கிழக்குப் பக்கத்து மண்சுவர்மேல் வரிசையாக வைப்பார். காலை வெயில் பட்டால் தரையில் நீலமும் பச்சையும் ஆடும். ஆயா திட்டுவாள். "விக்கறத வுட்டுட்டு இன்னாத்துக்குடா இத்த அடுக்கி வெச்சிக்கினு கீற?" நைனா சொல்வார்: "இருக்கட்டும்மா, கண்ணுக்கு நல்லாக் கீது."

ஊரில் அவருக்குப் பேர் சீசாப் பொறுக்கி. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சீசாப் பொறுக்கி மவன்.

2

ஆயாவுக்கு அடிக்கடி வயிற்று வலி வரும். தர்ம ஆஸ்பத்திரிக்குப் போவாள். அந்தக் காலத்தில் மருந்து வாங்கச் சீசாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதுவார். கம்பவுண்டர் ஜன்னல் வழியாக ஊற்றுவார். ரோஸ் கலர் மிக்சர். வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று தெரிய, ஒரு காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, ஓரத்தில் பல் வெட்டி, சோற்றுப் பருக்கை வைத்துச் சீசாவில் ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆயாவுக்குக் காகிதம் வெட்டித் தருவது என் வேலை. என் கணக்கு நோட்டிலிருந்துதான் வெட்டுவேன்.

நீலச் சீசாவைச் சாம்பல் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிப் பல தடவை கழுவி, வெயிலில் காயவைத்து நைனா ஆயாவுக்குக் கொடுத்தார். கனமான சீசா. கை தவறினாலும் சுலபத்தில் உடையாது. புதுத் தக்கை ஒன்று செதுக்கிப் போட்டார்.

ஆயாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஊர்த்தெருக்காரர்கள் சீசாவை நீட்டினால் கம்பவுண்டர் கையில் வாங்குவார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மருந்தை ஊற்றி, துணியால் துடைத்து, திருப்பிக் கொடுப்பார். சீட்டில் எங்கள் தெருவின் பேரைப் பார்த்ததும் குரல் மாறும். "திண்டு மேல வை. தக்கையப் புடுங்கு. தள்ளி நில்லு." ஆயா வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அளவு கிளாஸை ஒரு முழம் மேலே தூக்கிச் சாய்ப்பார். சீசாவின் வாயோ சின்னது. கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் வெளியே வழியும். எட்டு வேளை மருந்து ஆறு வேளைக்குத்தான் வரும். "சாமி, சிந்திப்போச்சி சாமி" என்பாள் ஆயா. "ஒன் சீசா வாய் சின்னதுன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" என்பார்.

வழிந்த மிக்சர் காகிதத்தில் ஊறிக் காயும். இனிப்பு என்பதால் எறும்பு மொய்க்கும். அந்த ரோஸ் கறை இப்படி வந்தது.

1976இல் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சீசாவின் எழுத்தைக் கூட்டிப் படித்தேன். "ஆயா, இதுல இங்கிலீசு எழுதிக்கீது." "இன்னான்னுடா?" 'டேக்' என்றால் 'எடு' என்று வாத்தியார் சொல்லித் தந்திருந்தார். "யாரும் எட்த்துகினு போவக் கூடாதுன்னு போட்டுக்கீது" என்றேன். ஆயா வாய்விட்டுச் சிரித்தாள். "இந்தச் சீசாவ எவன்டா எட்த்துகினு போவப் போறான்?"

பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சரியான அர்த்தம் தெரிந்தது. உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கிறது. அது விஷ மருந்துக்கான சீசா.

3

இங்கிலாந்தில் 1868இல் வந்த பார்மசி சட்டம் விஷச் சரக்குகளின் மேல் விஷம் என்று லேபிள் ஒட்ட வேண்டும் என்றது. ஆனால் லேபிள் உரிந்துவிடும். ராத்திரியில் விளக்கில்லாமல் கையை நீட்டுகிற நோயாளிக்கு லேபிள் தெரியாது. இருட்டில் சீசா மாறிச் செத்தவர்கள் உண்டு. அதனால் மேலே பூசுகிற தைலத்துக்கும் விஷச் சரக்குக்கும் தனி வடிவத்தில் சீசா செய்தார்கள். கோபால்ட் சேர்த்த நீலக் கண்ணாடி, இல்லாவிட்டால் பச்சை. ஆறு பட்டை. விரலில் தட்டுப்படுகிற மாதிரிக் கோடுகள். கண் தெரியாதவரும், படிக்கத் தெரியாதவரும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் தொட்டவுடனே தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் கம்பவுண்டருக்கு இங்கிலீஷ் தெரியும். மருந்துச் சீசாக்களின் வகையும் தெரிந்திருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவையாக நாலு வருஷம் அந்தச் சீசாவில் மருந்து ஊற்றினார். ஒரே ஒரு தடவை கையில் எடுத்திருந்தால் கோடுகள் விரலில் பட்டிருக்கும். வெளிச்சத்தில் தூக்கியிருந்தால் எழுத்து கண்ணில் பட்டிருக்கும். தொட மாட்டேன் என்று நின்றவருக்கு, தொடுவதற்காகவே செய்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நைனா கழுவின கழுவல் அப்படி. வயசாகித்தான் செத்தாள். ஆனால் ஏதாவது ஆகியிருந்தால் யார் மேல் குற்றம் எழுதியிருப்பார்கள்? படிப்பறிவில்லாத சேரிக் கிழவி விஷச் சீசாவில் மருந்து வாங்கிக் குடித்தாள் என்றுதான் எழுதியிருப்பார்கள். அறியாமை என்ற சொல் நம் பக்கம்தான் எப்போதும் சாய்கிறது. அன்றைக்கு அந்த ஜன்னலில் அறியாமல் நின்றவர் யார்? ஆயாவுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அவளுக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டது. கம்பவுண்டருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அவரே மறுத்தது. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஆயாவுக்கு உரிமை உண்டு. அவருக்கு இல்லை.

தீண்டாமையை நாம் அவமதிப்பு என்று பேசுகிறோம், உரிமை மறுப்பு என்று பேசுகிறோம். இரண்டும் சரி. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தீண்டாமை என்பது தெரிந்துகொள்ள மறுப்பது. வைத்தியம் என்பதே நாடி பிடித்து, வயிற்றை அமுக்கி, தொட்டுத் தெரிந்துகொள்கிற தொழில். தொடாமல் செய்கிற வைத்தியம் ஊகம் மட்டும்தான்.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நூலில் ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர், பிள்ளை பெற்ற தன் மனைவிக்கு வைத்தியம் கிடைக்காமல் பட்ட பாட்டை எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பரில் யங் இந்தியா பத்திரிகையில் வந்தது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். நோயாளியை வெளியே கொண்டுவரச் சொன்னார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து டாக்டர் நிமோனியா என்றார். மருந்து அனுப்பினார். பிறகு வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்துபோனாள். அந்தக் கண்ணாடிக் குழாய் நாலு கைகள் மாறிப் போனதும் இந்தச் சீசா திண்டின்மேல் தனியாக நின்றதும் ஒரே கதைதான்.

4

சீசாவை விலைக்குக் கேட்டவர் 2009இல் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. அலுவலக நண்பர் ஒருவர் கூட்டிவந்தார். நான் சார் என்றேன், அவர் தம்பி என்றார். பழைய மருந்துச் சீசா சேகரிப்பது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். சீசாவை இரண்டு கையாலும் வாங்கினார். கட்டை விரலால் கோடுகளைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். "பாருங்க தம்பி, கண்ண மூடிக்கிட்டே சொல்லலாம். விஷச் சீசா."

வெளியார் ஒருவர் ஆயாவின் சீசாவை அப்படி ஏந்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை ஆதிக்கப் புத்திக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அது உண்மையாக இருக்காது. அவருக்கு அந்தப் பொருள்மேல் நிஜமான அன்பு இருந்தது.

தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நூற்றுக்கணக்கில் சீசாக்கள். ஜன்னலில் பலகை அடித்து, கலர் வாரியாக வரிசையாக வைத்திருந்தார். சாயங்கால வெயில் உள்ளே வந்தபோது தரையில் நீலமும் பச்சையும் ஆடின. நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். என் மனசு எங்கள் குடிசைச் சுவரில் இருந்தது.

இங்கே என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 1989இல் நைனா இறந்தார். நான் அப்போது அரசாங்க உத்தியோகத்தில் இருந்தேன். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "வியாபாரம்" என்று சொல்லி வந்தவன் நான். காரியம் முடிந்த மறுநாள் அந்தச் சுவரிலிருந்த சீசாக்களைக் கோணியில் போட்டேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். காயலாங்கடைக்குக் கொண்டுபோனேன். "சரக்கு ஒண்ணும் ஓடாது, எல்லாம் பழசு. ஒடச்சி எடைக்குத்தான் எடுத்துக்குவேன்" என்றான் கடைக்காரன். சரி என்றேன். என் கண் முன்னால் சுத்தியலால் தட்டினான். பதினோரு கிலோ. ஒரு அசிங்கம் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீலச் சீசா மட்டும் ஆயாவின் பழம்புடவை மூட்டைக்குள் இருந்ததால் தப்பியது.

எங்கள் வீட்டிலேயே ஒரு சேகரிப்பாளர் இருந்திருக்கிறார். ஊர் அவரைப் பொறுக்கி என்றது. நானும் அதையே நம்பியிருந்தேன்.

பொறுக்குதல் என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். நல்லதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் அதன் பொருள். சிறந்த மணியைப் பொறுக்குமணி என்கிறோம். பல சரக்கில் ஒன்றைக் கண்டுபிடித்து எடுக்க அறிவு வேண்டும், கண் வேண்டும், கை வேண்டும். அந்தச் சொல் ஆளுக்குப் பேராக ஆனதும் வசவாகிவிட்டது. வேலை ஒன்றுதான். குனிந்து, அழுக்கில் கைவிட்டு, சீசாவை எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்ப்பது. நைனா செய்தால் பொறுக்குவது, சார் செய்தால் சேகரிப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் அறிவிலும் இல்லை, ரசனையிலும் இல்லை. நைனாவால் அன்றைக்குக் குனியாமல் இருக்க முடியாது. குனியாவிட்டால் அடுப்பு எரியாது. சார் நினைத்தால் குனியலாம், வேண்டாமென்றால் நிமிர்ந்து போகலாம். அந்த ஒரு சுதந்திரத்துக்குத்தான் இந்தச் சமூகம் மரியாதை என்று பேர் வைத்திருக்கிறது. வயிற்றுக்கில்லாதவனுக்கு அழகு எதற்கு என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து வருகிறது. அந்த நினைப்பு என்னிடமும் இருந்தது.

5

விலை பேசியபோது சார் ஒரு வார்த்தை சொன்னார். "இந்தக் காகிதத்த மட்டும் ஊற வெச்சு எடுத்துடலாம் தம்பி. கறையும் போயிடும். பளிச்சுனு ஆயிடும்."

"லேபிளோட இருந்தா விலை ஜாஸ்தின்னு சொன்னீங்களே சார்?"

"அது கம்பெனி லேபிள் தம்பி, ஒரிஜினல். இது யாரோ ஒட்டினது."

யாரோ. நான் சீசாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. எனக்கும் அப்போது விளக்கத் தெரியவில்லை. மரியாதையாகப் பேசி அனுப்பினார், படிக்கச் சொல்லி இரண்டு புத்தகமும் கொடுத்தார்.

அவற்றிலிருந்து தொடங்கிப் படித்தேன். இது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய பொழுதுபோக்கு. அங்கே சீசா தேடுகிறவர்கள் தோண்டுவது எங்கே தெரியுமா? 19ஆம் நூற்றாண்டு வீடுகளின் கக்கூஸ் குழிகளில். அந்தக் காலத்தில் குப்பையையும் காலிச் சீசாவையும் அந்தக் குழியில்தான் போட்டார்கள். இப்போது நீளமான இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்துக் குழி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே இறங்கித் தோண்டுகிறார்கள். நூறு வருஷத்தில் மலம் மண்ணாகிவிட்டது. குழியில் இறங்குவது அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அந்தக் குழி நிறைந்தபோதெல்லாம் ராத்திரியில் வந்து வாளியால் அள்ளிப்போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேர் எந்தச் சீசாவிலும் இல்லை.

நம் நாட்டில் மலம் அள்ள ஆளை வைப்பதை 1993இல் ஒரு சட்டம் தடை செய்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. சாவு நிற்காததால்தான் தொகையை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே குழி, ஒருவருக்குப் புதையல், இன்னொருவருக்குச் சவக்குழி. எந்தக் குழியில் யார் எதற்காக இறங்குகிறார் என்று கேட்காமல் பழம்பொருளைப் பற்றிப் பேச முடியாது என்று எனக்குப் பட்டது.

சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிற சீசாக்களில் ஒன்று 'திருமதி வின்ஸ்லோவின் சூதிங் சிரப்'. 1849இல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கிற குழந்தையின் அழுகையை நிறுத்தும் மருந்து. உள்ளே இருந்தது மார்ஃபின். ஆலைக்கும் வீட்டு வேலைக்கும் போன தாய்மார்கள் நம்பிக் கொடுத்தார்கள். எத்தனையோ குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. 1906இல் வந்த உணவு மருந்துச் சட்டத்துக்குப் பிறகுதான் மார்ஃபின், அபின், சாராயம் இருப்பதை லேபிளில் சொல்ல வேண்டியதாயிற்று. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்த மருந்தைக் குழந்தைக் கொல்லி என்றே எழுதியது. 'கியூர்', அதாவது குணமாக்கும் என்று கண்ணாடியிலேயே பொய்யை வார்த்துவைத்த சீசாக்களுக்கு இன்றைக்குத் தனி மதிப்பு.

அந்தச் சீசாக்களைச் செய்த உலைகளில் சிறுவர்கள் ராத்திரி ஷிஃப்டில் வேலை செய்தார்கள். சூடான சீசாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்கள் வேலை. லூயிஸ் ஹைன் என்பவர் 1908இலும் அதை ஒட்டிய வருஷங்களிலும் இண்டியானாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் நியூ ஜெர்சியிலும் அவர்களைப் படம் பிடித்தார். முகத்தில் கரியோடு அந்தப் பிள்ளைகள் நம்மைப் பார்க்கிறார்கள். சீசாவில் முதலாளி பேர் இருக்கிறது, ஊர் பேர் இருக்கிறது. ஊதியவன் பேரும் இல்லை, சுமந்த பையன் பேரும் இல்லை, குடித்துச் செத்த குழந்தையின் பேரும் இல்லை.

குழியிலிருந்து எடுத்த சீசா மங்கலாக இருக்கும். அதற்குச் சேகரிப்பாளர்கள் சொல்கிற பேர் நோயாளிக் கண்ணாடி. செம்புக் கம்பித் துண்டும் மெருகுத் தூளும் தண்ணீரும் போட்டு நாள் கணக்கில் உருட்டினால் மங்கல் போய்விடும். நோயாளியின் அடையாளத்தைப் போக்கிவிட்டு மருந்துச் சீசாவைக் காப்பாற்றுகிறார்கள்.

சார் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பெனி ஒட்டின லேபிள் இருந்தால் விலை ஏறும். ஆயா ஒட்டின காகிதம் இருந்தால் விலை இறங்கும். விற்றவனின் எழுத்து வரலாறு, குடித்தவளின் எழுத்து அழுக்கு. அவர் ஒருவருடைய குணக்கேடு என்று இதைச் சொல்லவில்லை. கோயில் கல்வெட்டிலிருந்து அரசாங்கக் கெஜட் வரைக்கும் வரலாறு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கழுவி எடுப்பதற்குப் பேர்தான் பாதுகாத்தல் என்று ஆகிவிட்டது.

6

இனித் தோழரின் கேள்விக்கு வருகிறேன். அவமானத்தின் அடையாளத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

இது புதுக் கேள்வி இல்லை. தொண்ணூறுகளில் பறையை வைத்து நாம் இதையேதான் விவாதித்தோம். சாவுக்கு அடிக்கச் சொல்லி நம்மேல் சுமத்திய இழிதொழில், தூக்கி எறிவோம் என்றார்கள் ஒரு சாரார். எங்கள் பாட்டனின் கலை, மேடையில் ஏற்றுவோம் என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் பறை நம்முடையது. நம் கையால் கட்டி, நம் கையால் காய்ச்சி, நாம் அடித்தது. இந்தச் சீசா நம்முடையது இல்லை. எங்கேயோ செய்து, யாருக்கோ விற்று, யாரோ எறிந்தது. இதில் நம்முடையது அந்தக் காகிதம் மட்டும்தான். அதில் உள்ள கறையோ எதிராளியுடையது. ஒரு முழ உயரத்திலிருந்து அவர் ஊற்றியது.

அதனால்தான் தோழரே, நான் உடைக்க மாட்டேன். "தள்ளி நில்லு" என்று சொன்னதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை. சிரட்டையில் டீ கொடுத்தவன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை. தனிக் குவளைகளை அதிகாரி வருகிற அன்றைக்கு ஒளித்துவைத்தார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று பேசுகிற தலைமுறை ஒன்று வந்துவிட்டது. நம் கையிலிருக்கிற ஒவ்வொரு தடயத்தையும் வெட்கப்பட்டு நாமே உடைத்தால் அவர்கள் வேலை சுலபமாகிறது. 1989இல் பதினோரு கிலோவுக்கு நான் செய்தது அதுதான். அதில் நைனாவின் அவமானம் கொஞ்சம்தான் இருந்தது. அவருடைய கண்ணும் ரசனையும் நிறைய இருந்தன. இரண்டையும் சேர்த்து எடைக்குப் போட்டேன்.

அதற்காக இதைப் பூஜையில் வைக்கவும் மாட்டேன். பட்ட துன்பத்தையே பெருமையாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர்களிடம் இரக்கம் வாங்குவதும் ஒரு வியாபாரம்தான். அதில் எனக்கு ருசி இல்லை. கம்பவுண்டர்மேல் இன்றைக்கு எனக்குப் பழிவாங்கும் எண்ணமும் இல்லை. நடந்ததை நடந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் கேட்கிறேன்.

வைத்திருப்பதென்றால் எப்படி வைத்திருப்பது? எனக்கு நானே மூன்று ஒழுங்கு போட்டுக்கொண்டேன். கழுவக் கூடாது. பொறுக்கினது யார், கழுவினது யார், ஊற்றினது எப்படி, குடித்தது யார் என்று கேட்பவரிடம் முழுசாகச் சொல்ல வேண்டும். பூட்டி வைக்காமல் எல்லோரும் தொடுகிற இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது ரொம்ப முக்கியம். தொட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அந்தச் சீசாவைச் செய்தார்கள். அந்த வேலையை அது இனிமேலாவது செய்யட்டும்.

போன வருஷம் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் ஏதோ ஆய்வுக்கு என்று வீட்டுக்கு வந்தார்கள். சீசாவைக் கையில் கொடுத்தேன். கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பெண் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது கணக்கு நோட்டுப் பேப்பர் மாதிரி இருக்கே சார், கட்டம் போட்டிருக்கு. யார் சார் வெட்டினது?"

"நான்தாம்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் பரண்மேல் ஏதாவது இருக்கும். ஓட்டைத் தூக்கு, மூங்கில் முறம், செருப்புத் தைத்த ஊசி, யாரோ எழுதாத காகிதம். காயலாங்கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருந்தால் இது யாருடையது என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.